கடைசி இரண்டு கஜம்

இன்னும் இரண்டு கஜம்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். முதல் வரிசையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கு இடப்பக்கத்து நாற்காலி மட்டும் காலி.

அது அவருடையது. போன பங்குனியில் அவர் போய்விட்டார். இந்த வருடமும் அவள் இரண்டு சீட்டு வாங்கினாள்.

வலப்பக்கம் கொழுந்தன். டாலஸிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். அண்ணன் இல்லாத குறையை ஈடுகட்டுவதாக நினைப்பு. கண் முழுக்கப் போனில்தான் இருந்தது.

கீழே, பச்சைத் தரையில், அவள் மகன் செழியன் குனிந்து நின்றான். முதுகில் அப்பா பெயர்.

இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். கல்லூரி கொடுத்த சட்டையில் அது ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் போய்த்தான் முடிந்தது.

சுடலைமுத்து.

ஒலிபெருக்கிக்காரனுக்கு அது வாயில் நுழையவில்லை. ‘சூடாலே மூட்டு’ என்பான். முதல் நாள் அதைக் கேட்டு அவர் கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்பை மூட்டச் சொல்கிறானா, காப்பி கேட்கிறானா என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. அவள் ஒருநாளும் சொல்லாத பெயர் அது.

விசா அதிகாரி கணவர் பெயர் என்ன என்றபோது பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டியவள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவள். ‘ஒரே ஒரு தடவை சொல்லும்மா’ என்று சின்ன வயதில் செழியன் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். வாய் வரவே இல்லை.

அவர் போன பிறகு வீட்டில் அந்தப் பெயர் கேட்கவில்லை.

இங்கே கேட்டது.

பெயர்தான் கால்பந்து. பந்தை யாரும் அவ்வளவாக உதைப்பதில்லை. செழியன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, ஆட்கூட்டத்துக்குள் முட்டிக்கொண்டு ஓடுவான். மூன்று கஜம். நான்கு கஜம். பிறகு விழுவான். விழுந்ததும் ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லும். அவர் பெயரை.

இன்று மட்டும் இருபத்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்காகத்தான் வருகிறாள். ஆட்டம் அரைகுறையாகத்தான் புரியும். நான்கு முயற்சியில் பத்து கஜம் போக வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி.

இப்போது நான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இதுதான் கடைசி முயற்சி. கடிகாரத்தில் மிச்சம் ஐந்து விநாடி.

தோற்றால் கிழவரை அனுப்பிவிடுவார்கள். முப்பது வருடமாக ஓட்டத்தை மட்டுமே நம்பிய பயிற்சியாளர். அடுத்து வருகிறவர் பந்தை எறியச் சொல்கிறவராம். அவருடைய ஆட்டத்தில் முட்டி மோதுகிறவனுக்கு இடமே கிடையாது. செழியன் ஓரத்துப் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பெயரை எந்த ஒலிபெருக்கியும் சொல்லாது.

“முடியாது மதினி,” என்றார் கொழுந்தன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். “இந்தக் காலத்துல ஓடி ஓடியே ஜெயிக்க முடியுமா? எறிஞ்சு ஆடுதவன்தான் பொழைப்பான்.”

அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு.

இரண்டு கஜம்தானே. என் பிள்ளை தூக்கத்தில்கூடப் போவான்.

செழியன்தான் ஓடப்போகிறான் என்று அரங்கில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எதிரணிக்கும் தெரிந்திருந்தது. கிழவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

விசில்.

பந்து செழியனின் வயிற்றில் பதிந்தது. இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு பாய்ந்தான். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். அவன் நிற்கவில்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போனான்.

ஒரு கஜம்.

இரண்டு கஜம்.

கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தான்.

அவள் கத்தினாள். கை தட்டினாள். காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒலிபெருக்கி வேறு யாருடைய பெயரையோ சொன்னது.

செழியன் எழுந்தான். கைகளில் ஒன்றுமில்லை.

எதிரணியை ஏமாற்ற, பந்தை அவனிடம் கொடுப்பதுபோல் வைத்து அவன் அணியிலேயே உருவிவிட்டார்கள். எறிந்துவிட்டார்கள். அது மூலையில் ஒரு நெட்டைப் பையனின் விரல் நுனியைத் தாண்டிப் போய், தரையில் உருண்டுகொண்டிருந்தது.

முப்பது வருடம் ஓடவிட்டவருக்கு, கடைசி இரண்டு கஜத்துக்கு நம்பிக்கை போய்விட்டது.

கொழுந்தன் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

எதிரணியின் பக்கம் ஒரே ஆரவாரம். இந்தப் பக்கம் ஆட்கள் கம்பளிகளை மடித்துக்கொண்டு படியேறினார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே போகிற வழியை நோக்கி நடந்தார்கள். செழியன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“செழியா!”

அவன் திரும்பவில்லை.

மறுபடியும் கூப்பிட்டாள். இந்த மைதானத்தில் அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

முதுகில் இருந்த எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போயின. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். இனி யார் சொல்லப்போகிறார்கள்?

அவள் வாயைத் திறந்தாள்.

“சுடலைமுத்து!”

ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அவன் சட்டென்று நின்றான். திரும்பினான்.

அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.