கதவைச் சாத்தும் மனிதர்

"பாத்தியாம்மா? நம்மளைப் பாத்துக்கிட்டே மூடுறார். கையை வேற ஆட்டுறார், டாட்டா காட்டுற மாதிரி."

இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எங்கள் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்ட லிஃப்ட், எட்டாவது மாடிப் பல் டாக்டரை மட்டும் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டது.

"அவர் முழிச்ச முழியைப் பாத்தா பதறின மாதிரிதான்டி இருந்துச்சு."

"மாட்டிக்கிட்டவங்க முழி அப்படித்தாம்மா இருக்கும்."

நாள் பூராவும் ஊரார் வாயை, 'திறங்க, இன்னும் நல்லாத் திறங்க' என்று கெஞ்சுகிற மனிதர். ஒரு கதவைத் திறந்து வைக்க முடியாதா?

அவர் ஒருவர் என்றால்கூடப் போகட்டும். ஒரு மாதமாக எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் என்னமோ ஆகிவிட்டிருந்தது. உள்ளே யார் நின்றாலும், ஓடி வருகிறவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினார்கள். அந்த லிஃப்ட்டும் லேசுப்பட்டதில்லை. எனக்குக் கிளாசுக்கு நேரமாகிறது என்றால் மட்டும் மூடித் தொலைக்காது.

'மனிதகுலத்தின் மேல் நம்பிக்கை வைக்கலாமா?' இது எங்கள் தத்துவப் பேராசிரியை கொடுத்த கட்டுரைத் தலைப்பு. கூடவே கூடாது என்று எழுதி, ஆதாரத்துக்கு எங்கள் லிஃப்ட்டைக் காட்டியிருந்தேன்.

எழுதினால் மட்டும் போதுமா? ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். லிஃப்ட்டுக்குள் மெக்கானிக் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்துவிட்டேன்.

"இந்தப் பல் டாக்டர் இங்க வாடகைக்கு இருக்கறவர். வீட்டு ஓனரும் இங்கதான் உக்காந்திருக்கார். மனுஷங்க முகத்துல கதவைச் சாத்தறவரை நாம ஏன் வெச்சிருக்கணும்? காலி பண்ணச் சொல்லுங்க."

வீட்டு ஓனர் தாடையைச் சொறிந்தார். தன் மச்சானை அங்கே குடிவைக்க அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பல் டாக்டர் மெல்ல எழுந்தார். "நான் திறக்கத்தாம்மா பாத்தேன். பதட்டத்துல தப்பான பட்டனை அமுக்கிட்டேன் போல."

"தினமுமா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது.

"வயசாகுதும்மா. கண்ணு வேற..."

"அப்போ பல்லு பிடுங்கும்போது? பக்கத்துப் பல்லைப் பிடுங்கிடுவீங்களா?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. டாக்டரின் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொண்ணு கேக்கறதுல நியாயம் இருக்கு," என்றார் சங்கச் செயலாளர். "இந்த பில்டிங்ல எனக்குக் கதவைத் திறந்து வெச்சது அது ஒண்ணுதான்."

"எனக்கும்தான்," என்றார் மூன்றாவது மாடி அக்கா, குழந்தையின் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டே. "நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு அரக்கப்பரக்க ஓடி வருவேன். இவ உள்ள இருந்தான்னா கதவு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்."

நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். புகழ்கிறவர்களை நடுவில் மறிப்பது நாகரிகமில்லை.

வீட்டு ஓனர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், அப்போ மாசக் கடைசியில..."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் லிஃப்ட்டுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார், இங்க வயர் மாறிக் கிடக்குது சார். திறக்கற பட்டனை அமுக்கினா மூடுது. மூடற பட்டனை அமுக்கினா திறக்குது. எந்த மடையன் சார் இந்த பட்டனை மாட்டினது?"

"போன மாசம் நீதாம்ப்பா மாட்டினே," என்றார் செயலாளர்.

தலை உள்ளே போய்விட்டது.

செயலாளர்தான் ஆரம்பித்தார். "அட, நான்கூட என் விரல்தான் தடுமாறுதுன்னு நினைச்சேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும் அதேதான்."

"நான் என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை."

"அப்போ எல்லாரும் எல்லாருக்கும் திறக்கத்தான் பாத்திருக்கோம்," என்றார் அக்கா. கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

பல் டாக்டர் வீட்டு ஓனரைப் பார்த்தார். "மாசக் கடைசியிலன்னு ஏதோ சொல்ல வந்தீங்க?"

"வெள்ளையடிச்சுத் தரலாம்னு சொல்ல வந்தேன் டாக்டர்."

மனிதகுலம் என் கண்ணெதிரிலேயே மளமளவென்று நல்லதாகிக்கொண்டிருந்தது. போச்சு, கட்டுரையை முதல் வரியிலிருந்து மாற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தள்ளுவண்டியை ஆட்டுவதை நிறுத்தினார்.

"அது சரி. இவ உள்ள இருந்தா மட்டும் கதவு எப்படித் திறந்தே இருந்துச்சு?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கல்லூரிப் பட்டிமன்றத்தில் ஒரு நாளும் வார்த்தைக்குத் திண்டாடாதவள் நான். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

பல் டாக்டர்தான் எழுந்தார்.

"விடுங்க, சின்னப் பொண்ணு. அதுவும் நமக்குத் திறக்கத்தான் பாத்திருக்கும். பதட்டத்துல தப்பான பட்டனை அமுக்கியிருக்கும்."

"ஆமாமா, இருக்கும் இருக்கும்," என்றது கூட்டம். நானும் அவசர அவசரமாகத் தலையாட்டினேன்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"தினமுமாடி?"