கனமான பெடல்

நெரிடா கையிலிருந்த கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைக் கவுன்ட்டரில் வைத்தாள். வைத்த வேகத்தில் ட்ரெவர் தின்றுகொண்டிருந்த, கறி அடைத்துச் சுட்ட மீட் பையின் மேல் தக்காளி சாஸ் நடுங்கியது.

"இது சரிப்படாது. இதைவிட மெலிசா ஒண்ணு குடுங்க."

உதிரிபாகக் கடைக்காரர் ட்ரெவர் விரலை நக்கிக்கொண்டே அதைப் புரட்டிப் பார்த்தார். போன வாரம் அவரே எடுத்துக் கொடுத்தது. தடித்த, நல்ல சாமான். ஒழுகவில்லை, கீறல் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மௌன்ட் ஐசா ஊரில் அன்றைய வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. கடையில் நின்ற ஆண்கள் எல்லாரும் டவுசரும் ரப்பர் செருப்புமாக இருந்தார்கள். நெரிடா மட்டும் தரை வரை இறங்கிய பேன்ட்டும் பூட்ஸும் போட்டு வேர்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் திறந்த பெட்டி வைத்த அவளுடைய பழைய யூட் வண்டியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கம் நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை கியர்பாக்ஸோடு எடுத்து இறக்கியிருந்தாள். கழற்றியதும் அவள்தான், இறக்கியதும் அவள்தான்.

கிளட்ச் பெடலும் அதையொட்டிய மாஸ்டர் சிலிண்டரும் பழைய வண்டியுடையவை. கியர்பாக்ஸ் புதிதாக வந்த சம்பந்தம். பெடலை மிதித்தால் எண்ணெய் ஓடி வந்து, கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சைத் தள்ளும். எந்த அளவு ஸ்லேவ் சிலிண்டர் என்பதை எந்தக் கம்பெனிக்காரனும் சொல்ல மாட்டான். எஞ்சினை மாற்றியவர்தான் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

தடித்ததைப் போட்டால் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கும். மெலிந்ததைப் போட்டால் அழுத்தி மிதிக்க வேண்டும். உள்விட்டத்தில் அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம். இரண்டிலும் கிளட்ச் முழுசாக விடும். வண்டிக்கு அடியில் படுத்து அளந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி ஓட்டச் சொல்வார். தேறாவிட்டால் இந்த யூட்டை ஓட்டும் ஆசையைத் தலைமுழுக வேண்டியதுதான்.

"லேசா இருக்கறதுதானே கண்ணு உனக்கு நல்லது? என் பொண்டாட்டி வண்டிக்கும் இதே அளவுதான் போட்டேன். சும்மா கால வெச்சா போதும்ங்கறா."

"அப்ப அவங்களுக்கே இன்னொண்ணு குடுங்க. என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

எண்ணெய் டப்பாவோடு நின்ற ஸ்டூயி சிரித்தான். போன மாதம்தான் அவள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவன்.

"அட நீ வேற ட்ரெவ். நேத்து இந்தம்மா வண்டிய எடுத்த அழகப் பாத்திருக்கணும். வாசல்ல வெச்ச குப்பைத்தொட்டி பல்டி அடிச்சுது. ஓட்டத் தெரியல, பழிய சிலிண்டர் மேல போடுது!"

குப்பைத்தொட்டி பல்டி அடித்தது உண்மைதான்.

பன்னிரண்டு வயதில் மாட்டுப் பண்ணையில் தீவனம் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டியவள் அவள். நேற்று பெடல் இறங்கியது. எதுவரை இறங்கியது, திரும்பி வரும்போது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எதுவும் தெரியவில்லை. யாரோ வேறொருவர் மிதிப்பது போல இருந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

லேசானதைப் போடு என்று முதலில் சொன்னவன் அவள் அண்ணன். அப்புறம் ட்ரெவர். எல்லாரும் அவள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சல். அவள் பெடலைப் பற்றி அவளைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது.

ட்ரெவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே ஏணியில் ஏறி மெலிந்த சிலிண்டரை எடுத்து வந்தார். கவுன்ட்டரில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதே. ரவுண்டானாவுக்கு ரவுண்டானா இந்த பெடல மிதிச்சேன்னா, ஒரே மாசத்துல உன் இடது கால் போயிடும்."

"அது போயி ரெண்டு வருஷமாச்சு."

ட்ரெவரின் கை நகர்ந்தது. நெரிடா சிலிண்டரை எடுத்து, பேன்ட்டுக்கு மேலாகவே இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினாள்.

டங்.

ஸ்டூயி எண்ணெய் டப்பாவில் ஒட்டியிருந்த சிறிய எழுத்துகளை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தான்.

உள்ளங்கால் இல்லாதவளுக்கு, பெடல் எங்கே இருக்கிறது என்று தொடைதான் சொல்ல வேண்டும். பெடல் எதிர்த்து முட்டினால்தான் தொடைக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு குப்பைத்தொட்டி செலவாகியிருந்தது. பரவாயில்லை.

"வேற ஏதாவது வேணுமா, க..." என்று ஆரம்பித்த ட்ரெவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"பிரேக் ஆயில் ஒரு பாட்டில்."

வெளியே அண்ணன் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தான். அவள் அவசரப்படவில்லை. புது சிலிண்டரின் தண்டைக் கட்டை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தாள். அது எதிர்த்துத் தள்ளியது.

மாற்றிய எஞ்சினுக்கு அனுமதி போன மாதமே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வருகிறவருக்கு எஞ்சினோடு வேலை இல்லை. அவர் பார்க்க வருவது அவள் காலை.

வரட்டும். பார்க்கட்டும்.