பகல் தூக்கம்

"உங்க நைனா தூங்கிட்டாரா?"

வாசல் திரைக்கு வெளியே நின்று தோழி ராமசெல்வி கேட்டாள். சௌமியா உதட்டின்மேல் விரலை வைத்து, இல்லை என்று தலையாட்டினாள்.

உள்ளே இருப்பது ஒரே அறை. கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார் அவள் அப்பா மனோகரன். அவர் புரளப் புரளக் கட்டில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அடங்கினால் வலி தணிந்திருக்கிறது என்று சௌமியாவுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து அது அடங்கவே இல்லை.

"மூணு மணிக்கு எம்.கே.பி. நகர்ல கேரம் செலக்‌ஷன். இன்னிக்கு வரலன்னா உன் பேர அடிச்சிடுவேன்னு கோச் மஹீன் அண்ணன் சொல்லிட்டாரு. ரெண்டு வருசமா இதுக்குத்தானே ஆடிகினு கீற?"

"மெதுவா பேசுடி. அவரு தூங்கட்டும், வரேன். நீ பஸ் ஸ்டாப்புல நில்லு."

ராமசெல்வி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

விசைப்படகில் வலை இழுக்கும் கம்பி அறுந்து மனோகரனின் முதுகில் அடித்தபோது சௌமியா எட்டாவது படித்தாள். ஆபரேஷன் ஆயிற்று. வலி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. கீழே விழுந்த மாத்திரையை எடுக்கக்கூட அவரால் குனிய முடியாது. அம்மா மங்கை காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வர இருட்டிவிடும்.

போன வருடம் ஒரு நாள், கேரம் கிளப்பிலிருந்து சௌமியா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள். நைனா தரையில் கிடந்தார். தண்ணீர் எடுக்க எழுந்தவர் விழுந்து, எழ முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து வகுப்பில் யார் கதவைத் தட்டினாலும் தன்னைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். வாய்விட்டுச் சிரித்தால் உடனே பயம் வரும்.

கேரம் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பகல் தூக்கம் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் புரள்கிறவர், லீவு நாள் மத்தியானங்களில் குறட்டைவிட்டுத் தூங்கினார். புது மாத்திரையின் வேலை என்றாள் அம்மா. கடலுக்குப் போகிறவர் தூங்கினால் யாரும் எழுப்பக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். கடல் வேலை போன பிறகும் அந்த வீட்டில் வழக்கம் போகவில்லை. அவர் தூங்கும் நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை. குறட்டை கேட்டதும் கிளப்புக்கு ஓடுவாள், அவர் விழிப்பதற்குள் திரும்புவாள்.

நைனா தூங்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொள்வாள். அது அவர் வலி குறைவதற்கா, தான் ஓடுவதற்கா என்று நினைத்துப் பார்க்கும்போது தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

வெந்நீர்ப் பையை அவர் இடுப்பில் வைத்தாள்.

"ரொம்ப வலிக்குதா நைனா?"

"அது பாட்டுக்கு கீது. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிகினு கீற?"

"ஒண்ணும் இல்ல. பரிட்ச வருது."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டில் இரண்டு முறை கிறீச்சிட்டு நின்றது. மெல்லக் குறட்டை கிளம்பியது.

சௌமியாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பையைச் சத்தமில்லாமல் இழுத்தாள். ஏதோ 'டக்' என்றது. உறைந்து நின்றாள். "போட்டுல தூங்கறவன் இன்ஜின் சத்தம் மாறினாலே முழிச்சிக்குவான்" என்று அவர் முன்பெல்லாம் பெருமையடிப்பார். ஆனால் குறட்டை பிசகவில்லை. பையின் கொக்கிதான் இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் பையைத் துழாவினாள். ஸ்ட்ரைக்கர் இல்லை. காய்களை அடிக்கும் அந்த வட்டு, அவள் முதல் கோப்பை வென்றபோது மஹீன் அண்ணன் பரிசாகக் கொடுத்தது. வேறு ஸ்ட்ரைக்கரில் அவளுக்கு ஒரு அடிகூட நேராக விழாது.

"போய் எடுத்துகினு வா, அடுத்த பஸ்ஸ பாத்துக்கலாம்" என்றாள் ராமசெல்வி.

திரும்பி ஓடும்போதுதான் புரிந்தது. கட்டிலுக்கடியில் 'டக்' என்றது அதுதான். அவர் விழித்திருந்தால்? யாரும் இல்லாத வீட்டைப் பார்த்திருந்தால்? மறுபடி எழுந்திருக்கப் பார்த்து விழுந்திருந்தால்?

வீட்டை நெருங்கும்போது குறட்டை கேட்கவில்லை. கட்டில் ஒரு முறை பலமாகக் கிறீச்சிட்டது. அவள் செருப்பு வாசற்படியில் பட்டதுதான் தாமதம், குறட்டை மறுபடி கேட்டது.

அப்பாடா என்றிருந்தது. பூனைபோல உள்ளே போய், மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். மருந்துச் சீட்டு, பழைய செருப்பு. ஸ்ட்ரைக்கர் இல்லை. கைவிட்டு மூலைவரை தடவினாள். இல்லை.

இனி எங்கே தேடுவது என்று தெரியாமல் நிமிர்ந்தாள். நைனா இப்போது அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பல்லைக் கடித்ததில் தாடை இறுகியிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, முழங்கையில் தரைப் புழுதி.

கட்டில் ஓரத்தில் விரிந்திருந்த அவர் உள்ளங்கையில் அவளுடைய ஸ்ட்ரைக்கர் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணைத் திறக்காமல், குறட்டையை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாக விட்டார் நைனா.