ஐந்து மணி நோட்டீஸ்

தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும், புல்தரைக்கு ஒரு சொட்டுகூட விடக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. எல்லா வீட்டுப் புல்லும் விதிக்குக் கட்டுப்பட்டுக் கருகியது. மரகதம் டீச்சர் மட்டும் தினமும் மாலை ஐந்து மணிக்கு, சங்கச் செயலாளர் தில்லைநாயகம் கழுத்தில் அடையாள அட்டையோடு சுற்றி வரும் நேரம் பார்த்து, வாசல் புல்லில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். புல்லுக்கு அது நாக்கை நனைக்கவும் காணாது. செயலாளர் உள்ளே வந்து, நின்றபடியே நோட்டீஸை முழுக்க வாசிப்பார். பிறகு உட்கார்ந்து காப்பி குடிப்பார். அந்த வீட்டில் அன்றைக்கு வேறு குரல் கேட்காது.

ஒரு நாள் காப்பியைக் குடித்து முடித்ததும் தொண்டையைச் செருமினார். "நாளையிலேருந்து நோட்டீஸ் போன்லயே வந்துடும் டீச்சர். நான் நேர்ல வர வேண்டியதில்ல."

"அப்ப நானும் ஊத்தலை சார். அந்தப் புல்லு எனக்கெதுக்கு?"

தில்லைநாயகம் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். விதியை மீற வேறொரு வீடும் மிச்சமில்லை. காலி டம்ளரை மறுபடி உதட்டில் வைத்து உறிஞ்சினார்.

"போன் நோட்டீஸுக்குச் சங்கத் தலைவர் இன்னும் கையெழுத்துப் போடலை," என்றார். "நீங்க அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க."