ஒரே கையெழுத்து

"நாற்பது கடிதம், அத்தனையும் ஒரே கையெழுத்து. என் நெத்தியில இளிச்சவாயன்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

தையல்கார அம்மா மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை.

"எழுதினது நான்தான் சார். சொன்னது அவங்க."

தொலைத்தொடர்பு ஆணைய அலுவலகத்தில் அந்த அதிகாரிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லிவிட்டால், இவனுக்கு நம்மால் என்ன காரியம் ஆகணும் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பார்.

ஆணையம் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. பட்டன் போன்கள் இயங்கும் பழைய அலைவரிசைச் சேவையை அடுத்த வருஷத்தோடு நிறுத்திவிடலாமா? பெயர், விலாசம், போன் நம்பரோடு யார் வேண்டுமானாலும் எழுதலாம். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

நிறுத்தலாம் என்று மூவாயிரத்துச் சொச்சம் கடிதங்கள் வந்து, பெயர் வரிசைப்படி கட்டுக்கட்டாக அலமாரியில் இருந்தன. வேண்டாம் என்று வந்தவை இந்த நாற்பதுதான். ஒரே ஆள் எழுதியது என்று இவற்றையும் தள்ளிவிட்டால் ஆட்சேபமே இல்லையென்று நாளைக்கு அறிக்கை போய்விடும். தையல்கார அம்மாவின் தெருவில் நாற்பது போன்கள் வெறும் டப்பாவாகிவிடும்.

"உங்களை யாரும்மா அனுப்பினது? பட்டன் போன் விக்கிற கம்பெனியா?"

"யாரும் அனுப்பல சார். தெருவுல எனக்குத்தான் எழுத்து கொஞ்சம் நல்லா வரும். கடைக்கு வந்து உக்காந்து ஒவ்வொருத்தரா சொன்னாங்க. பேப்பர்கூட என் அளவு நோட்டுல கிழிச்சதுதான்."

அது உண்மை. ஒரு கடிதத்தின் மூலையில் 'இடுப்பு 34' என்று இருந்தது. அதற்கும் அவர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"சந்தேகம்னா கூப்பிட்டே கேளுங்க சார். எல்லார் நம்பரும் இருக்கு."

கட்டின் மேலே அவள் வைத்திருந்த கடிதத்தை அவர் தொடவில்லை. கட்டைக் கலைத்து நடுவிலிருந்து ஒன்றை உருவி, நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"பழைய சேவையை நிறுத்தணும்னு எழுதியிருக்கீங்களே, ஏன்?" என்று வேண்டுமென்றே மாற்றிக் கேட்டார்.

"நிறுத்தணும்னா? யார் சொன்னது? நான் வாட்ச்மேன் சார். என் கூண்டுல பிளக் பாயிண்டே கிடையாது. பட்டன் போன்னா நாலு நாளைக்குச் சார்ஜ் நிக்கும். அக்காகிட்ட தெளிவாத்தானே சொன்னேன்."

கடிதத்தில் வார்த்தை மாறாமல் அதேதான் இருந்தது.

"நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றபடி அடுத்ததை உருவினார்.

வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் எடுத்தாள். "நாள் முழுக்க ஈரக் கை சார். தொடுற போன் ஈரக் கைக்கு மசிய மாட்டேங்குது. பட்டனுக்கு அந்தக் கவலை இல்ல."

மூன்றாவது ஆள் பேருந்து நிலையத்தில் பேனா விற்கிறவர். "எனக்குக் கண்ணு தெரியாது சார். அஞ்சாம் நம்பர் பட்டன்ல ஒரு புள்ளி இருக்கும், தடவிப் பாருங்க. அதை வச்சுத்தான் மத்ததெல்லாம். வழவழன்னு கண்ணாடியைக் கொடுத்தா நான் எதைத் தடவுறது?"

அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். கொஞ்சம்தான்.

"சரி, இது நிஜம்னே வச்சுப்போம். ஆனா அங்க பாருங்க, மூவாயிரம். வேற வேற பேப்பர், வேற வேற பேனா. ஒருத்தர் பணிவா எழுதியிருக்கார், ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார், ஒருத்தர் தப்பும் தவறுமா எழுதியிருக்கார். கடிதம்னா அப்படி இருக்கணும்."

"அவங்களையும் கூப்பிட்டுக் கேட்டீங்களா சார்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக அந்தக் கட்டுகளில் எழுத்தைப் பார்த்தார், மையைப் பார்த்தார், மடிப்பைக்கூடப் பார்த்தார். ஒரு நம்பரைக்கூட அழைக்கவில்லை.

வீம்புக்கு ஒன்றை எடுத்து அழைத்தார்.

'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.'

வேறு கட்டிலிருந்து இன்னொன்று. அதே பதில். பத்துக் கடிதம் எடுத்தார், பத்துக்கும் அதே பெண் குரல் அதே வாக்கியத்தைச் சலிக்காமல் சொன்னது.

அதிகாரிக்கு இப்போது புரிந்தது. யாரோ, மூடிப்போன இணைப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் போட்டால், நான் எழுதவில்லை என்று மறுத்துச் சொல்ல ஒருத்தரும் வரமாட்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் தன் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்கிறது என்று நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது.

சட்டென்று எழுந்து அலமாரிக்குப் போனார். பெயர் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போய், ஒரு கட்டைப் பிரித்து, ஒரே ஒரு கடிதத்தை உருவினார். போன் நம்பர் அவருக்கு மனப்பாடம். அதை அழைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"என்ன சார், தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரி" என்றார். "பழைய போனெல்லாம் இனிமே வேண்டவே வேண்டாம்னு, போன செவ்வாய்க்கிழமை தேதி போட்டுக் கையெழுத்து வச்சிருக்கா. அவ தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆகுதும்மா."