மதிய வாசிப்பு

கூரியர்காரர் கதவைத் தட்டிய சத்தத்தில் நசீர் திடுக்கிட்டு எழுந்தான். வாணியம்பாடி தோல் தொழிற்சாலையில் ரசாயனம் தெறித்ததில் அவனுக்கு இரண்டு கண்களிலும் கட்டு.

"புது நாவல் வந்திருக்குங்க" என்றாள் மனைவி லுப்னா. மலைமேல் காவலூரில் அவள் பள்ளி ஆசிரியை. அன்றிலிருந்து மாலைதோறும் அவனுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டினாள். அவன் மனம் உடைந்துவிடக் கூடாதென்று சோகமான இடங்களை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவாள்.

புதன்கிழமை அவன் கேட்டான்: "மதியம் படிக்கிறப்ப அந்தப் பொண்ணு செத்ததைக்கூட வுடாம படிச்சியே. இப்ப மட்டும் ஏன் தாண்டிப் போறே?"

மதியம் அவள் பள்ளியில் இருந்தாள். மாத்திரை மயக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்தாள். ஆனாலும் மறுநாள் நாவலைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வீட்டையும் வெளியே பூட்டிவிட்டுப் போனாள். மாலையில் அவன் அடுத்த மூன்று அத்தியாயங்களின் கதையைச் சொன்னான். புரட்டிப் பார்த்தாள். அவன் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பாடம் நடத்த ஓடவில்லை. மதியமே விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். நசீர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலிருந்த டீயில் ஆவி பறந்தது.

"இன்னாங்க, டீ யாரு போட்டுக் குடுத்தா?"

அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான். புதியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னான்.

"லுப்னாதாங்க. உள்ள அவளுக்கும் ஊத்திக்கினு இருக்கா. நீங்க யாருங்க?"