கீபோர்டு எந்த மொழி

கீபோர்டு எந்த மொழி என்று கேட்டது லேப்டாப்.

அதற்கு முன் நாடு கேட்டது, பெயர் கேட்டது, நேரம் கேட்டது. கடையில் பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மீதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் மேடம் என்று அனுப்பிவிட்டார்கள்.

காலையிலிருந்து ஜில்பேருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, விரிப்பு மாற்றிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். எந்த மொழியாக இருந்தால் எனக்கென்ன. மேலே இருந்த இங்கிலீஷை அமுக்கினேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு மெயில்.

ஜில்பேர் என் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பிரான்சுக்கு வருஷத்துக்கொரு முறை சந்தேகம் வரும். இருக்கிறார் என்று ஒரு தாள் அனுப்ப வேண்டும். செர்த்திஃபிகா த வீ என்பார்கள். அதற்கான படிவம் அவருடைய மெயிலுக்குத்தான் வரும், அனுப்ப இன்று கடைசி நாள். போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். எங்கள் உப்பளம் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான்.

மெயில் பாஸ்வேர்டை இத்தனை வருஷம் லேப்டாப்பே ஞாபகம் வைத்திருந்தது. இப்போது அதற்கும் ஒன்றும் ஞாபகமில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஜில்பேருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஞாபகம் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒன்றுமே மிச்சமில்லை என்று முடிவு செய்துகொண்டது நான். அவர் கண் எப்போதும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கும்.

குத்துமதிப்பாக எங்கள் கல்யாணத் தேதியை அடித்தேன். அவர் அம்மா பெயரை அடித்தேன். இன்னும் ஒரு தடவை தப்பாக அடித்தால் நாளை வரை திறக்காது என்று வந்தது.

அந்த நேரம் பார்த்து பாரீசிலிருந்து என் தங்கை செசில் கூப்பிட்டாள். அவருடைய வாயோரம் துடைத்தபடியே பேசினேன்.

“அவருக்கு ஒண்ணும் புரியறதில்ல செசில். சீக்கிரம் போய்ட்டாருன்னா அவருக்கும் நல்லது, எனக்கும் விடிவு.”

தினமும் அவளிடம் சொல்வதுதான். போனைக் கட்டிலில் போட்டேன்.

வேறு வழி தெரியவில்லை. அவருக்கு முதுகில் தலையணை கொடுத்து நிமிர்த்தி, லேப்டாப்பை மடியில் வைத்து, இடது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

“மெயிலு பாஸ்வேர்டு. கை எப்பவும் போற மாதிரி போவட்டும், அடிங்க.”

கண் ஃபேனில்தான் இருந்தது. ஆனால் ஒரு விரல் மெதுவாக நகர்ந்தது. ஏழு தடவை அமுக்கிவிட்டு நின்றது.

எண்டர் தட்டுவதற்கு முன்னால், என்ன அடித்திருக்கிறார் என்று, புள்ளி புள்ளியாக மறைந்திருந்ததை எழுத்தாகத் திறந்து பார்த்தேன். கே, க்யூ, ஆர், ஐ, கே, க்யூ, எல்.

எதிலும் சேராத எழுத்துகள். எரிச்சலாக வந்தது. இவரை நம்பி உட்கார்ந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனேன்.

அந்த இரண்டு க்யூதான் உறுத்தியது.

ஜில்பேர் டைப் கற்றுக்கொண்டது பிரெஞ்சு ராணுவ ஆபீசில். அந்த நாட்டுக் கீபோர்டில் ஏ-வும் க்யூ-வும் இடம் மாறி இருக்கும். இந்த லேப்டாப்பை இங்கே கடையில் வாங்கிய அன்றே உள்ளே பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டார். மேலே அச்சடித்திருக்கும் எழுத்தை அவர் பார்த்ததே இல்லை. இதில் டைப் செய்ய வந்த சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

க்யூ இருந்த இடத்தில் ஏ வைத்துப் படித்தேன். காரிகால். காரைக்காலைப் பிரெஞ்சில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் பிறந்த ஊர்.

அவர் விரல் சரியாகத்தான் போயிருக்கிறது. தப்பான மொழியை அமுக்கியது நான்.

செட்டிங்கில் தேடிப் பிடித்து பிரெஞ்சைச் சேர்த்தேன். பாஸ்வேர்டுதான் தெரிந்துவிட்டதே, நானே அடித்திருக்கலாம். அவர் கையைத்தான் மறுபடி எடுத்து வைத்தேன்.

ஏழு தடவை. மெயில் திறந்தது.

தாள் மேலேயே இருந்தது. பிரிண்ட் எடுத்து அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப மாலை வரை நேரம் இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அவர் கண் ஃபேனில் இல்லை. கட்டிலில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அடித்தது. செசில்தான்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினேன்.